முகம் பார்த்துச் சொன்ன சம்மதம்

லாட்ஜின் பின்வாசலில் நீல வேன் நின்றுகொண்டிருந்தது.

"மெதுவாப் போ... நிறுத்தாதே... இன்னும் மெதுவா..." என்றாள் எக்ஸ்ரே.

"அண்ணி, ஒண்ணு நிக்கணும், இல்ல போகணும். ரெண்டுக்கும் நடுவுல இந்த லோடு வண்டிக்கு கியர் கிடையாது" என்றான் கொழுந்தன்.

எக்ஸ்ரே என்பது அவள் சலவைக்கூடத்துப் பெண்கள் வைத்த பெயர். தையல் பிரிந்து ஒரு தலையணை உறை வந்தால் போதும். யார் பிரித்தார்கள், எதற்குப் பிரித்தார்கள், உள்ளே எதைத் தேடினார்கள் என்று கேட்பாள். பெயரை அவள் முதுகுக்குப் பின்னால்தான் வைத்தார்கள். அவளுக்குத் தெரியும். யார் வைத்தது என்பதும் தெரியும்.

அந்த நீல வேன் யாருடையது என்பது ஊருக்கே தெரியும். அதே ஊரில் இன்னொரு சலவைக்கூடம் நடத்துகிறவன். அவள் வாடிக்கைகளை ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டு போனவன். மிச்சமிருப்பது மருத்துவமனை விரிப்புகள் மட்டும். அதையும் விட்டுவைக்க மாட்டான் போலிருந்தது. அவளுடைய பழைய ரோலர் இஸ்திரி பாதி சூடுதான் ஏறும். ஒரே விரிப்பை மூன்று தடவை ஓட்டினாலும் ஓரம் ஈரமாகவே வரும். 'மாசக் கடைசிக்குள்ள சரியா வரலைன்னா ஆளை மாத்திடுவோம்' என்று மருத்துவமனை ஸ்டோர் கீப்பர் சொல்லிவிட்டார். அந்த வேலை போனால் கூடத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

அதற்கு மருந்து லாட்ஜின் அடித்தளத்தில் இருந்தது. நீராவியில் ஓடுகிற பெரிய ரோலர். ஆள் உயரத்துக்கு அகலமான எஃகு உருளை. லாட்ஜ்காரர் சொந்தச் சலவையை நிறுத்திவிட்டு, அந்த இடத்தை வண்டி நிறுத்தமாக்கப் போகிறார். போன வாரம் அவளைக் கூட்டிப்போய்க் காட்டினார். அவர் சொன்ன விலையைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. சந்தேகம் வந்தது. இத்தனை மலிவாக ஒருவர் எதற்குத் தருகிறார்?

"நீயே ஆள் வச்சுக் கழட்டிக்கணும், மாசம் முடியறதுக்குள்ள. யோசிச்சுட்டு நேர்ல வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. போன்ல சொல்றதெல்லாம் எனக்குப் பதிலே இல்ல" என்றார் அவர். போனிலேயே அறை எடுத்து போனிலேயே ரத்து செய்கிறவர்களிடம் நொந்து நூலாகிப்போன மனிதர்.

அன்றிலிருந்து அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள். இப்போது நீல வேன்.

"வக்கீல் வீட்டுக்கு விடு" என்றாள்.

"அது நம்ம கூடத்து மாடிதானே அண்ணி. கூடத்துக்கு விடுன்னு சொன்னா போதும்."

வக்கீல் அவளோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். கீழேயிருந்து ஏறும் ஆவியில் கேஸ் கட்டுகள் அப்பளமாகச் சுருள்வதாகத் தினமும் திட்டுவாள். வாடகை குறைவு என்பதால் காலி செய்ய மாட்டாள்.

"நான் வேணாம்னு சொல்லவே இல்லையேடி. பேசாம இருந்தா சரின்னுதானே அர்த்தம்?" என்றாள் எக்ஸ்ரே.

"பேசாம இருந்தா பேசாம இருந்தேன்னுதான் அர்த்தம். அவர் ஒரு பேச்சு வச்சார். நீ சரின்னு சொல்லி, அது அவர் காதுல விழுந்தாத்தான் ஒப்பந்தம். அதுவரைக்கும் அவர் எப்ப வேணாலும் பின்வாங்கலாம்."

"பின்வாங்கிட்டார்னு வச்சுக்க. எனக்கு எப்படித் தெரியும்?"

"உனக்குத் தெரியணும், அதான் விஷயமே. அவர் மனசுக்குள்ள மாத்திக்கிட்டா அது அவர் மனசோட போச்சு. உன்கிட்ட வந்து சேரணும். அவரே சொல்லலாம், ஆள் விட்டுச் சொல்லலாம். நம்பத் தகுந்த யாரோ ஒருத்தர் உன்கிட்ட வந்து, 'அம்மா, அவர் அதை வேற ஆளுக்குப் பேசிட்டார்'னு சொன்னாக்கூட முடிஞ்சுது. அதுக்கப்புறம் நீ ஓடிப்போய் சரின்னு கத்தினாலும் பிரயோஜனமில்ல."

எக்ஸ்ரேயின் கண்கள் சிறுத்தன. "அப்ப என் காதுல விழறதுக்குள்ள நான் சொல்லிட்டா?"

"அந்த நிமிஷமே பூட்டு விழுந்துடும். அவர் அசைய முடியாது. ஆனா ஒண்ணு. அவர் சொன்னதை அப்படியே ஏத்துக்கணும். ஒரு நூல் கூட்டக் கூடாது, ஒரு நூல் குறைக்கக் கூடாது." வக்கீல் மூக்குக் கண்ணாடியை இறக்கினாள். "அன்னிக்கு நீ ஏதாவது வாயை விட்டியா?"

"ரோலர் நிக்கற இரும்பு ஸ்டாண்டைப் பத்தி கேட்டேன்..."

"எப்படிக் கேட்ட? 'ஸ்டாண்டும் சேர்த்தா சார்'னா, அது சும்மா விசாரிச்சது. தப்பில்ல. 'ஸ்டாண்டையும் குடுத்தாத்தான் எடுத்துப்பேன்'னு சொல்லியிருந்தா, அவர் வச்சதைத் தள்ளிட்டு நீ புதுசா ஒண்ணு வச்சுட்டேன்னு அர்த்தம். பழசு அங்கேயே செத்துச்சு. இப்ப நீ போய் சம்மதம்னா அதுக்கு உயிர் வராது. எதைச் சொன்ன?"

அடுத்தவர் சொன்ன வார்த்தை ஒவ்வொன்றும் எக்ஸ்ரேக்கு நினைவிருக்கும். தான் சொன்னது மட்டும் நினைவில்லை.

"ரேடியோ கூட இருந்தா. அவளைக் கேட்டா தெரியும்" என்று எழுந்தாள்.

ரேடியோ அவள் கூடத்தில் விரிப்பு மடிக்கிறவள். பெயரே சொல்லிவிடும், நிறுத்துகிற பொத்தான் கிடையாது. அவள் வீடு லாட்ஜுக்குப் பின்சந்தில் இருந்தது. எக்ஸ்ரே படியிறங்கியபோது அவளே எதிரில் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அக்கா! லாட்ஜ்காரர் உங்ககிட்ட அவசரமா ஒரு விஷயம்—"

"வாயைத் திறக்காதே!"

"இல்லக்கா, அந்த ரோலரை—"

எக்ஸ்ரே எட்டிப் பாய்ந்து துணி பிழியும் மிஷினின் கைப்பிடியை அழுத்தினாள். அது ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அந்தக் கூடத்தில் எல்லோருமே காதில் பஞ்சு வைத்துக்கொண்டு கையாலும் கண்ணாலும் பேசிப் பழகியவர்கள். ரேடியோவின் வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

பிழிவதற்கு உள்ளே துணியே இல்லை. வேலை செய்துகொண்டிருந்த மற்றப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எக்ஸ்ரே ரேடியோவின் காதில் வாயை வைத்துக் கத்தினாள். "நான் கேக்கறதுக்குத் தலையை மட்டும் ஆட்டு! அன்னிக்கு நான் ஸ்டாண்டு பத்திப் பேசினேன்ல? 'குடுத்தாத்தான்'னு சொன்னேனா?"

ரேடியோ இல்லையென்று ஆட்டினாள்.

"'ஸ்டாண்டும் சேர்த்தா'ன்னு கேட்டேனா?"

வேகமாக ஆமென்று ஆட்டினாள். கூடவே இரண்டு கைகளையும் குவித்து, பட்டென்று விரித்துக் காட்டினாள். கண்களை உருட்டினாள். மறுபடி குவித்தாள், விரித்தாள்.

எக்ஸ்ரே சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். 'கைமாறிடுச்சு என்கிறாள். கைச்சாடையில் சொன்னாலும் சொன்னதுதானே? இல்லை, நான் பார்க்கவில்லை. பார்த்தேன், ஆனால் புரியவில்லை.' தனக்குத்தானே வழக்காடிக்கொண்டு வாசலுக்கு வந்து லாட்ஜுக்கு போன் போட்டாள். வரவேற்பில் இருந்த பெண் எடுத்தாள்.

"ஐயா எங்கேம்மா? அதை மட்டும் சொல்லு. வேற எதுவும் சொல்லாதே."

"பல் டாக்டர்கிட்ட போயிருக்கார். ராத்திரியெல்லாம் வலி, கன்னம் இவ்வளவு பெருசு. அப்புறம் உங்ககிட்ட—"

போனை அணைத்துப் பையில் போட்டாள். வண்டியில் ஏறினால், அங்கே கொழுந்தனின் முகமே சரியில்லை. அவள் போனில் பேசிய நேரத்தில் ரேடியோ வெளியே வந்து இவனிடம் ஒலிபரப்பிவிட்டாள் என்பது தெரிந்தது.

"அண்ணி, உங்க நல்லதுக்குத்தான். ஒரே ஒரு வார்த்தை—"

"நீயுமா? நீல வேன்காரன்கிட்ட டீ வாங்கிக் குடிச்சியா?"

"ஐயோ, அந்தாளு யாருக்காவது டீ வாங்கித் தர்ற மூஞ்சியா அண்ணி? நான் சொல்ல வந்தது—"

"வாயைத் திறந்தா ஓடற வண்டியில இருந்து குதிச்சிடுவேன். உங்கண்ணனுக்கு நீதான் பதில் சொல்லணும்."

அவன் வாயை மூடிக்கொண்டான். ஆனால் வழியெல்லாம் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே வந்தான். அந்தத் தாளத்தில்கூட அவளுக்குச் சந்தேகம்தான்.

பல் டாக்டரின் முன்னறையில் கன்னத்தில் கைவைத்தபடி சிலர் காத்திருந்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. நேராக உள்கதவைத் தள்ளினாள்.

நாற்காலி பின்னால் சாய்ந்திருந்தது. லாட்ஜ்காரர் வாயில் இரண்டு பக்கமும் பஞ்சு, நடுவில் எச்சில் உறிஞ்சும் குழாய். பல் டாக்டர் அம்மாள் கையில் கருவியோடு குனிந்திருந்தாள்.

"யாரும்மா நீங்க? வெளியில உக்காருங்க."

"ஒரு நிமிஷம் டாக்டர். இவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தா போதும்."

லாட்ஜ்காரர் பார்த்தார். பார்த்ததும் அவர் கண்கள் விரிந்தன. "ஆ... ஆ... ஊ..." என்று தலையைத் தூக்கினார்.

அவர் எதையோ சொல்ல வருகிறார். சொல்ல முடியவில்லை. இதைவிட நல்ல நேரம் வராது.

"முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னீங்க சார். பார்த்துச் சொல்றேன். உங்க ரோலரை நான் எடுத்துக்கறேன். நீங்க சொன்ன அதே விலை. மாசம் முடியறதுக்குள்ள நானே ஆள் வச்சுக் கழட்டிக்கறேன். எதையும் கூட்டல, எதையும் குறைக்கல. சம்மதம்!"

லாட்ஜ்காரர் இடது கையைத் தூக்கி வேகவேகமாக ஆட்டினார்.

"வலிக்குதா? கையைத் தூக்கினா மருந்து போடறேன்னு சொன்னேன்ல, இதோ" என்று டாக்டர் இன்னொரு ஊசியை ஏற்றினாள். அவர் தொய்ந்து சாய்ந்தார்.

"டாக்டர், நான் சொன்னது அவர் காதுல விழுந்ததுதானே?"

"காதுக்கு நான் மருந்து போடலைம்மா. தெருமுனை வரைக்கும் விழுந்திருக்கும். கிளம்புங்க."

எக்ஸ்ரே முன்னறைக்கு வந்து, சுவரில் சாய்ந்து, நீளமாக மூச்சு விட்டாள். பிறகு கொழுந்தனைப் பார்த்துக் கையை விரித்தாள். "இப்பச் சொல்லு. என்ன சொல்லணுமோ தாராளமாச் சொல்லு. யாருக்கு வித்துட்டாராம்?"

கொழுந்தன் ஒரே மூச்சில் கொட்டினான். "யாருக்கும் விக்கலை அண்ணி. உங்களுக்கும் தர மாட்டேன்னார். அந்த உருளையில விரிசலாம். நீல வேன்காரன்தான் கண்டுபிடிச்சுக் காட்டினானாம். நீராவி ஏத்தினா வெடிச்சிடுமாம். 'உயிர் சம்பந்தப்பட்ட விஷயம், அந்தம்மாவுக்கு உடனே சொல்லிடு'ன்னு ரேடியோவை ஓட விட்டிருக்கார்."

குவித்து, பட்டென்று விரித்த இரண்டு கைகள். வெடிக்கும் என்றுதான் அவள் காட்டியிருக்கிறாள்.

எக்ஸ்ரே போனைத் திறந்து வக்கீலைக் கூப்பிட்டாள். "சரின்னு சொல்லிட்டேன்டி. இப்ப வேணாம்னு சொல்ல முடியுமா?"

"பூட்டுன்னா ரெண்டு பக்கமும்தான் பூட்டு. அவருக்கு மட்டும்னு எங்கேயாவது சொன்னேனா?"

"பொருள்ல கோளாறு இருக்காம்."

"உன்கிட்ட மறைச்சிருந்தா நான் அவரை நாறடிச்சிருப்பேன். அவர் சொல்லத்தானே ஆளனுப்பினார்? நீதான் காலி மிஷினை ஓட விட்டுட்டு நின்ன. மாடி ஆடினதும் இறங்கி வந்தேன், ரேடியோ எல்லாம் சொல்லிட்டா. இனி நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து 'விட்டுடலாம்'னு ஒத்துக்கிட்டாத்தான் வழி."

லாட்ஜ்காரர் வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தார். பாதி முகம் அவர் பேச்சைக் கேட்க மறுத்தது.

"ஏம்மா... எத்தன பேர விட்டேன்... ஒனக்கு என்ன காது அடைப்பா?" ஒவ்வொரு வார்த்தையும் நழுவி நழுவி வந்தது. "பரவால்ல. நீ சொன்னத நீ விட்டுடு. நான் குடுத்தத நான் விட்டுடறேன். ஒனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். சரியா?"

சரி என்கிற வார்த்தை அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ரேடியோவும் மற்றப் பெண்களும் அந்த உருளைக்கு முன்னால் நிற்கிற காட்சி கண்ணில் வந்து போனது. இந்த மனிதரைப் போய்த் திருடன் என்று நினைத்தோமே என்று கூச்சமாகவும் இருந்தது. சரி என்று சொல்லிவிட்டால் முடிந்தது.

"அப்ப ரோலரை என்ன பண்ணுவீங்க சார்?"

"பழைய இரும்புதானே. அந்த நீல வேன்காரரே வந்து வெட்டி எடுத்துக்கறேன்னார். பாவம், இடத்தையும் சுத்தம் பண்ணித் தர்றாராம். நல்ல மனுஷன்."

எக்ஸ்ரேயின் முதுகு நிமிர்ந்தது.

"எப்ப வெட்டறார்?"

"இப்ப வந்திருப்பாரே. அவசரமா முடிச்சிடணும்னார்."

"என்ன அவசரம் சார் அவருக்கு? அவர் காசா, அவர் இடமா?" அவள் கொழுந்தனை இழுத்துக்கொண்டு நடந்தாள். "விட்டுடலாம்னு நீங்க கேட்டீங்கள்ல, அதுக்கு நான் இன்னும் பதில் சொல்லலை. அதுவரைக்கும் அது என் ரோலர். வந்து வண்டியில ஏறுங்க சார். உன் சாமான் பெட்டி இருக்காடா? கைப்பம்பு?"

குழாய் வேலைக்குப் போகாத நாளில்தான் கொழுந்தன் அவளுக்கு வண்டி ஓட்டுவான். அவன் பெட்டி எப்போதும் வண்டியின் பின்தட்டில் கிடக்கும்.

லாட்ஜ் அடித்தளத்தில் நீல விளக்கு போலத் தீ எரிந்துகொண்டிருந்தது. நீல வேன்காரனின் ஆள் கேஸ் கட்டரைப் பற்றவைத்துவிட்டான். முனையை உருளைக்குக் கொண்டுபோகும் நேரம்.

"அணை அதை!" என்று கத்தினாள் எக்ஸ்ரே. "என் சாமானை வெட்ட நீ யாரு?"

நீல வேன்காரன் திரும்பினான். மடிப்புக் கலையாத சட்டை, கலையாத சிரிப்பு. "வாங்க மேடம். ஐயா சொல்லலையா? இது டைம் பாம் மாதிரி. உங்க ஆளுங்க உயிர் போயிருக்கும். நான் பார்த்ததால பிழைச்சீங்க. இதோ பாருங்க."

உருளையின் குறுக்கே ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கறுப்புக் கோடு. மயிரிழை போல, வளைந்து ஓடியிருந்தது. லாட்ஜ்காரர் தலையை ஆட்டினார். "அதேதான்மா."

கொழுந்தன் குனிந்து பார்த்தான். "அண்ணி, பார்த்தா விரிசல் மாதிரிதான் இருக்கு" என்றான் மெதுவாக.

"பார்க்கறதை நான் எப்பவுமே நம்பறதில்ல. எப்படிச் சோதிக்கறது?"

"நீராவி ஏத்த வேணாம், ஆபத்து. பச்சைத் தண்ணியை ரொப்பி, ரெண்டு முனையும் அடைச்சு, பம்பு அடிச்சு அழுத்தம் ஏத்தலாம். விரிசல் இருந்தா கசியும், மீட்டர் முள்ளு இறங்கும். தண்ணிங்கறதால வெடிச்சு யார் மேலயும் வராது."

"எதுக்கு மேடம் வீண் வேலை? எனக்கு நேரமில்ல" என்றான் நீல வேன்காரன்.

"உங்களை யார் இருக்கச் சொன்னா? கிளம்புங்க."

அவன் கிளம்பவில்லை. அதையும் அவள் கவனித்தாள்.

கொழுந்தன் நீராவிக் குழாயைக் கழற்றி, தண்ணீர்க் குழாயைச் சொருகினான். உருளை நிறைவதற்கு நேரம் பிடித்தது. பிறகு முனைகளை அடைத்து, மீட்டரைப் பொருத்தி, கைப்பம்பை அடித்தான். முள் ஏறியது. ரோலர் வழக்கமாக ஓடுகிற அழுத்தத்தைத் தொட்டது. தாண்டியது. இன்னும் அடித்தான். அடைப்பானைத் திருகிவிட்டுக் கையை எடுத்தான்.

எக்ஸ்ரே முள்ளைப் பார்க்கவில்லை; நீல வேன்காரனின் முகத்தைப் பார்த்தாள். அவனும் முள்ளைப் பார்க்கவில்லை. படிக்கட்டைப் பார்த்தான்.

முள் நின்ற இடத்திலேயே நின்றது. கறுப்புக் கோட்டில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

அவள் ஒரு துணியை நனைத்து அந்தக் கோட்டின் மேல் அழுத்தித் தேய்த்தாள். துணியில் கறுப்பு மை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. கிரீஸும் கரியும். அடியில் வெள்ளையாகப் பளபளத்தது ஒரு கீறல். கூரான அரத்தால் இழுத்த புதுக்கீறல். நகத்தை வைத்தால்கூட மாட்டாத ஆழம்.

"நல்லாத்தான் வரையறீங்க" என்றாள் அவனிடம்.

"நான் என் கண்ணுக்குப் பட்டதைச் சொன்னேன். தப்பாவும் இருக்கலாம்" என்று தோளைக் குலுக்கினான் அவன். "கட்டரை எடுத்து வைப்பா." சட்டை மடிப்பு இப்போதும் கலையவில்லை. கையில் கட்டரோடு அவன் ஆள் படியேற, பின்னால் அவனும் ஏறினான்.

"வெட்டி எடுத்துட்டுப் போய் பழைய இரும்புன்னு எடைக்குப் போட்டிருப்பான். அவனுக்கு இது வேணும்னுகூட இல்ல. எனக்குக் கிடைக்கக் கூடாது. அவ்வளவுதான்" என்றாள் எக்ஸ்ரே.

லாட்ஜ்காரர் உருளையைத் தடவிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். முகத்தில் மரத்துப்போகாத பாதியில் மெல்ல ஒரு யோசனை படர்ந்தது.

"ஏம்மா... அப்ப இது நல்ல சாமான்தான். இவ்வளவு அழுத்தம் தாங்குதே. நான் சொன்ன வெல கொஞ்சம்..."

"சார்!"

"கொஞ்சம் கம்மியோன்னு..."

"கம்மிதான். அதனாலதான் நான் ஒரு வாரம் தூங்காம உங்களைச் சந்தேகப்பட்டேன். ஆனா சம்மதம் சொல்லியாச்சு, உங்க காதுல விழுந்தாச்சு, பல் டாக்டர் அம்மா சாட்சி. அதுக்கப்புறம் நீங்க விட்டுடலாமான்னு கேட்டீங்க. அதுக்கு இப்பப் பதில் சொல்றேன். விட மாட்டேன்."

லாட்ஜ்காரர் சிரிக்கப் பார்த்தார். பஞ்சு இடறி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "எடுத்துட்டுப் போ தாயே. எனக்கு வலி தாங்கல."

கொழுந்தன் ஸ்பானரை எடுத்தான். "இன்னிக்கேவா அண்ணி? நாளைக்குக் காலையில நாலு ஆளோட வந்தா சுளுவா முடிச்சிடலாம்."

அவள் அடித்தளத்தின் சின்ன ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். நீல வேன் இன்னும் கிளம்பவில்லை. ஓட்டுநர் இருக்கையில் அவன் உட்கார்ந்து யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கே. ஆளுங்களை இங்கே வரச்சொல்லு. ரேடியோவையும் கூட்டிட்டு வா, வந்து பேசட்டும், எவ்வளவு வேணாலும் பேசட்டும்" என்றாள் எக்ஸ்ரே. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உருளையின் மேல் ஒரு கையை வைத்தாள். கடைசி போல்ட் கழன்று, அது அவள் வண்டியில் ஏறும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.